வாசிப்பறைக்குப் பகல் வெளிச்சம்: பதினைந்து கூரைச் சாளரங்கள் வைத்த பிறகும் எங்கே தவறினேன்?

மூன்றாமாண்டு | திங்கள், இரவு 9.40

வணக்கம். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்களுக்குத் தந்திருக்கும் ஸ்டுடியோ வேலை ஒரு வாசிப்பறை. 24 பேர் உட்கார்ந்து படிக்க வேண்டும், 3,000 புத்தகங்களுக்கு இடம் வேண்டும். பகலில் மின்விளக்கைப் போடாமலே அறை இயங்க வேண்டும் என்பது நிபந்தனை. அறை கிழக்கு மேற்காக 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். மனை கற்பனையானது, அட்சரேகை 12 பாகை வடக்கு என்று மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

ஃபின்லாந்துக் கட்டடக்கலைஞர் அல்வார் ஆல்ட்டோவின் வீபுரி நூலகப் படங்களை முதலாம் ஆண்டில் பார்த்ததிலிருந்து அந்த வட்டச் சாளரங்கள் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அதனால் தட்டைக் கூரையில் ஒரு மீட்டர் விட்டமுள்ள 15 வட்டச் சாளரங்களை வைத்தேன். தெற்குச் சுவர் முழுவதும் கண்ணாடி. கணினியில் ஓட்டிப் பார்த்தபோது பகல் ஒளிக் காரணி (வெளி ஒளியில் உள்ளே வரும் பங்கு) சராசரியாக 6 சதவீதம் வந்தது. 2 சதவீதம் போதும் என்று பாடத்தில் படித்திருந்ததால் மகிழ்ச்சியோடு வரைபடங்களை எடுத்துச் சென்றேன்.

இடைக்கால மதிப்பீட்டில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏப்ரல் மாதம், நண்பகல். நடு மேசையில் யார் உட்காருவார்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரும் விளக்கவில்லை. இறுதி மதிப்பீட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்நிழல் | திங்கள், இரவு 10.25

தம்பி, உங்கள் ஆசிரியர் கேட்டது மிக நல்ல கேள்வி. அதற்கான விடை சூரியனின் உயரத்தில் இருக்கிறது. ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு கணக்கு போடுவோம்.

வீபுரி நூலகம் 1935இல் திறக்கப்பட்டது. அதன் வாசிப்பறைக் கூரையில் 57 வட்டச் சாளரங்கள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் விட்டம். அந்த ஊர் (இப்போது ரஷ்யாவின் வீபோர்க்) ஏறக்குறைய 60.7 பாகை வடக்கில் இருக்கிறது. 90இலிருந்து அட்சரேகையைக் கழித்து, சூரியன் வடக்கே சாயும் உச்சமான 23.4 பாகையைக் கூட்டினால், ஆண்டிலேயே நீண்ட பகலின் நண்பகல் உயரம் கிடைக்கும்: 52.7 பாகை. அதாவது அங்கே சூரியன் ஒருநாளும் தலைக்குமேல் வராது. எப்போதும் சாய்வாகத்தான் பார்க்கும். சாளரங்களை ஆழமான குழிகளாகச் செய்துவிட்டால் நேர்க்கதிர் குழியின் வெண்மையான சுவரில் மோதிச் சிதறி, மென்மையாகக் கீழே இறங்குகிறது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் புத்தகப் பக்கத்தின்மேல் கடுமையான நிழல் விழுவதில்லை.

இப்போது உங்கள் 12 பாகைக்கு வருவோம். ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21 அன்று உங்கள் நண்பகல் சூரியன் 54.6 பாகை உயரத்தில் நிற்கிறது. வீபுரியின் கோடை உச்சத்தைவிட உங்கள் குளிர்கால நண்பகல் உயரம் கூடுதல்! ஏப்ரல் மூன்றாவது வாரம் முடியும்போதும், ஆகஸ்டில் மறுபடியும், சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். உச்சிச் சூரியனுக்கு எவ்வளவு ஆழமான குழியும் தடையாகாது. உங்கள் 15 சாளரங்களும் அந்த நண்பகலில் 15 வெயில் வட்டங்களை மேசைமேல் இறக்கும். வெளிச்சத்தை லக்ஸில் அளப்போம்; நேர்வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். படிக்க நமக்குத் தேவை 300 முதல் 500 வரை. வெயில் வட்டத்துக்குள் இருக்கும் வெள்ளைத் தாளைக் கண் திறந்து பார்க்கவே முடியாது.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 15 வட்டங்களின் மொத்தப் பரப்பு சுமார் 11.8 சதுர மீட்டர். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் விழும். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விடும். ஒன்பது கிலோவாட் ஹீட்டரைக் கூரையில் தொங்கவிட்டதற்குச் சமம்.

ஆல்ட்டோ தம் ஊரின் சூரியனுக்குச் செய்த விடை அது. உங்கள் சூரியனுக்கு நீங்கள்தான் விடை காண வேண்டும்.

மூன்றாமாண்டு | திங்கள், இரவு 11.05

டிசம்பர் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். 54.6தான் வருகிறது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். அட்சரேகையை ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. மிக்க நன்றி அண்ணா.

அப்படியானால் 6 சதவீதம் என்று கணினி காட்டியது பொய்யா?

லக்ஸ்மீட்டர் | செவ்வாய், காலை 7.15

பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது விடை இல்லை. பகல் ஒளிக் காரணி என்பது முழுக்க மேகம் மூடிய வானத்தை வைத்துக் கணக்கிடுவது. வெளியே கிடைமட்டத்தில் விழும் ஒளியில் எத்தனை சதவீதம் உங்கள் மேசைக்கு வருகிறது என்பதுதான் அது. அந்தக் கணக்கில் சூரியனே கிடையாது. ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்தாலும் விடை மாறாது. தெற்குக் கண்ணாடிச் சுவரை அப்படியே மேற்கே திருப்பி வைத்தாலும் அதே 6தான் வரும். இதை நினைவில் வைத்தால் அந்த எண்ணை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

இன்னொன்று. மேக வானத்தின் உச்சி, அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசமானது என்பதே கணக்கின் அடிப்படை. எனவே கூரைச் சாளரம் வைத்தால் இந்த எண் எளிதில் ஏறிவிடும். எண் ஏறியதால் அறை நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை.

சராசரியைக் கையாலேயே போட ஒரு சூத்திரம் இருக்கிறது. மென்பொருளைத் திறப்பதற்கு முன்பு இதைப் போட்டுப் பழகுங்கள். கண்ணாடி ஒளியை விடும் விகிதத்தைக் கண்ணாடியின் பரப்பால் பெருக்குங்கள். அதை, ஜன்னலிலிருந்து வானம் தெரியும் கோணத்தால் பெருக்குங்கள். பிறகு, அறையின் எல்லா உட்பரப்புகளின் கூட்டுத்தொகையை, ஒன்றிலிருந்து சராசரிப் பிரதிபலிப்பின் வர்க்கத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, அதால் வகுங்கள்.

உங்கள் அறையின் உட்பரப்பு 352 சதுர மீட்டர். கூரைச் சாளரமே இல்லாமல், சுவரில் 18 சதுர மீட்டர் கண்ணாடி மட்டும் என்று வைப்போம். தூசியையும் சேர்த்துக் கண்ணாடிக்கு 0.72, வானக் கோணம் 65 பாகை, பிரதிபலிப்பு 0.5 என்றால் விடை 3.2 சதவீதம். வெளியே 10,000 லக்ஸ் இருக்கும் மேகமூட்ட நாளில் உள்ளே சராசரியாக 320 லக்ஸ். போதுமானது! இப்போது சுவருக்கும் தரைக்கும் இருண்ட மரப்பலகை அடித்துப் பிரதிபலிப்பை 0.3 ஆக்குங்கள்: 2.6. எல்லாவற்றையும் வெளிறச் செய்து 0.6 ஆக்குங்கள்: 3.7. ஒரு சதுர அடி கண்ணாடிகூடச் சேர்க்காமல் வெறும் நிறத்தாலேயே இவ்வளவு வேறுபாடு.

வெயிலைத் தெரிந்துகொள்ள ஆண்டு முழுவதற்குமான கணக்கு வேண்டும். 1,000 லக்ஸுக்கு மேல் நேர்வெயில் விழும் இடம், ஆண்டுக்கு 250 மணிக்கு மேல் அப்படியே இருந்தால், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தரைப்பரப்பில் அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வடிவமைப்பை மாற்ற வேண்டும். உங்கள் இப்போதைய வடிவம் தாண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

வடக்குவானம் | செவ்வாய், காலை 8.50

இவ்வளவு கணக்கு தேவையா? ஓவியர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். தெற்கை மூடுங்கள், வடக்கைத் திறங்கள். வடக்கே வெயில் வராது. வேலை முடிந்தது.

செங்கல்நிழல் | செவ்வாய், காலை 9.30

வடக்குவானம், உங்கள் திசை சரி. காரணம்தான் இந்த மனைக்குப் பொருந்தவில்லை. 12 பாகையில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமே நிற்கிறது. ஜூன் 21 அன்று வடக்கே 78.6 பாகை உயரத்தில். வடக்குச் சுவரை வெறும் கண்ணாடியாக விட்டால் நான்கு மாதம் நண்பகலிலும் வெயில் உள்ளே வரும்.

ஆனால் அந்த வெயிலை நிறுத்துவது எளிது, அதனால்தான் வடக்கு நல்லது. 2 மீட்டர் உயரக் கண்ணாடிக்கு ஜூன் நண்பகல் வெயிலைத் தடுக்க 40 சென்டிமீட்டர் சன்ஷேடு போதும். அதே கண்ணாடியைத் தெற்கே வைத்தால் டிசம்பர் நண்பகலுக்கு 1.42 மீட்டர் நீட்ட வேண்டும்.

காலை எட்டு மணியும் மாலை நான்கு மணியும்தான் வடக்கில் தொல்லை. ஜூனில் அந்த நேரத்துச் சூரியன் வடக்கிலிருந்து ஏறத்தாழ 70 பாகை விலகி, பக்கவாட்டில் நுழைகிறது. அதைக் கிடைமட்டச் சன்ஷேடு நிறுத்தாது. செங்குத்துத் தடுப்புதான் நிறுத்தும். 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள தடுப்பு, இந்தக் கோணத்தில் தனக்குப் பக்கத்தில் 1.6 மீட்டர் அகலத்துக்கு நிழல் தரும். 1.5 மீட்டருக்கு ஒன்று வைத்தால் உங்கள் 12 மீட்டர் சுவரில் எட்டுப் பிரிவுகள் கிடைக்கும்.

நூலகப்பணி | செவ்வாய், இரவு 8.10

நான் கட்டடக்கலை படித்தவள் இல்லை. 26 ஆண்டுகள் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் நீங்கள் வரைவதில்தான் என்னைப் போன்றவர்கள் ஒரு வாழ்க்கையைக் கழிக்கிறோம்.

நான் இருந்த வாசிப்பறைகளில் ஒன்றில் மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி. பார்க்க அவ்வளவு அழகு. திறந்த முதல் வாரத்தில் மாலை மூன்றரை மணிக்கு ஒருவர் எழுந்து திரையை இழுத்தார். மறுநாள் காலை யாரும் அதைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, பிள்ளைகளே! கண் கூசியவருக்குத்தான் எழுந்து இழுக்கத் தோன்றும். இருட்டாக இருந்தால் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். பிறகு நான் அங்கே இருந்த ஒன்பது ஆண்டும் அந்தத் திரை மூடியே கிடந்தது, விளக்குகள் பகல் முழுக்க எரிந்தன. நானே சில காலை நேரங்களில் திறந்து வைப்பேன். மாலைக்குள் மூடிவிடும். அரை மணி நேரக் கண் கூச்சத்துக்காக மீதி நாள் முழுவதன் வெளிச்சத்தையும் அந்த அறை இழந்தது.

ஆகையால் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஒரு மணி நேரத்தில் திரையை இழுப்பார்கள் என்பதுதான். அந்த ஒரு மணியை உங்கள் வரைபடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அலமாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்த அலமாரியில் ஒரு தட்டின் பாதி நூல்களின் முதுகு வெளுத்து, மறுபாதி நிறம் மாறாமல் இருந்தது. வெயில் விழுந்த கோடு அது. சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும். முதுகில் பெயர் மங்கிய புத்தகத்தை யாரும் கையில் எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் மிகக் கொடியது, ஆனால் அதை வடிகட்டினாலும் சாதாரண வெளிச்சமும் மெதுவாகத் தாளை மஞ்சளாக்கும். வெளிச்சம் வாசகருக்கு வேண்டும், புத்தகத்துக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். அறுபது வயதுக் கண்ணின் உள்ளே போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று ஒரு கண் மருத்துவர் எனக்கு விளக்கினார். ஒளி கூடுதலாக வேண்டும், ஆனால் கூச்சத்தைத் தாங்க மாட்டார்கள். இருபத்தொரு வயதில் வரையும்போது இது எளிதில் மறந்துபோகும்.

மூன்றாமாண்டு | செவ்வாய், இரவு 10.30

அம்மா, நீங்கள் எழுதியதை அச்செடுத்து வீபுரிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் கடைசிக்கு முந்தைய பத்தியைப் படித்ததும் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கானின் எக்ஸிட்டர் நூலகம் நினைவுக்கு வந்தது. அங்கே புத்தகங்கள் நடுவிலும் வாசகர்கள் விளிம்பிலும் இருக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவர முடியுமா? அதுவும் வேறு அட்சரேகையின் விடைதானே என்று தயக்கமாக இருக்கிறது.

செங்கல்நிழல் | புதன், காலை 6.45

தயக்கம் நல்லது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. வீபுரியின் குழி சூரியக் கோணத்தை நம்பி நிற்கிறது. 1970களின் தொடக்கத்தில் கட்டி முடிந்த எக்ஸிட்டரின் அமைப்பு மனிதனின் நடத்தையை நம்பி நிற்கிறது. புத்தகத்தை நிழலிலிருந்து எடுத்து, வெளிச்சத்துக்கு நடந்துபோய்ப் படிக்கிறோம். அதற்கு அட்சரேகை கிடையாது.

அங்கே செங்கல் சுவரின் ஒவ்வொரு திறப்பிலும் மரத்தாலான தனித் தனி மேசைகள் இருக்கின்றன. மேசைக்கு மேலே, உயரத்தில் பெரிய கண்ணாடி; அது அறைக்கு ஒளி தருகிறது. உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் ஒரு சிறிய ஜன்னல், அதற்குத் தள்ளி மூடும் மரக்கதவு. அறையின் வெளிச்சம் வேறு, வாசகரின் ஜன்னல் வேறு என்று இரண்டாகப் பிரித்ததுதான் அதிலுள்ள பெரிய நுட்பம். ஒருவர் தம் கதவை மூடிக்கொண்டாலும் பக்கத்தில் இருப்பவரின் வெளிச்சம் குறையாது. நூலகப்பணி அம்மா சொன்ன திரைக்கு இதைவிடச் சிறந்த விடையை நான் பார்த்ததில்லை.

நேற்று நான் கணக்கிட்ட எட்டுப் பிரிவுகளை இப்போது மறுபடியும் பாருங்கள். வெயிலுக்காக வைத்த தடுப்புச் சுவர்களுக்கு நடுவே 1.5 மீட்டர் இடம். ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் பக்கவாட்டில் சரியாக அமரும். எட்டு மாடங்கள், எட்டு வாசகர்கள்.

லக்ஸ்மீட்டர் | புதன், காலை 10.20

மாடத்தில் மேசையைப் பக்கவாட்டில் போடுவது கட்டாயம். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் பிரகாசமான வானம் கண்ணுக்கு நேரே இருக்கும், தாள் அதன் முன்னால் இருண்டு தோன்றும். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் சொந்த நிழலே பக்கத்தின்மேல் விழும். வலக்கையால் எழுதுபவருக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வந்தால் எழுதும் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. இடக்கையாளர்களுக்காக இரண்டு மாடங்களையாவது எதிர்த்திசையில் அமையுங்கள்.

வழவழப்பான தாளில் அச்சான இதழ்களைப் படிக்கும்போது எழுத்து மறைந்து பளபளப்பு மட்டும் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். வாசகருக்கு முன்புறமாக, மேலே இருக்கும் பிரகாசமான பரப்பு கண்ணாடியில் தெரிவதுபோல் தாளில் தெரிகிறது. தலைக்கு முன்னால் கூரைச் சாளரம் வைப்பதில் உள்ள இன்னொரு சிக்கல் இது. பக்கவாட்டு ஒளி எதிர்ப்பக்கமாகத் தெறித்துப் போய்விடும், கண்ணுக்கு வராது.

தடுப்புகளின் உள்விளிம்பைச் சாய்வாக வெட்டி வெள்ளையாக்குங்கள். பிரகாசமான ஜன்னலும் இருண்ட சுவரும் கத்தி வெட்டியதுபோல் சந்திக்கும் இடத்தில்தான் கண் களைக்கிறது. நடுவில் மிதமான ஒளியுள்ள ஒரு பரப்பு இருந்தால் கண் படிப்படியாக இறங்கும்.

அட்டைமாதிரி | புதன், இரவு 11.50

நான் ஐந்தாம் ஆண்டு. கணினியை மூடிவிட்டு அறையின் சிறு மாதிரி ஒன்றை அட்டையில் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒலியையோ வெப்பத்தையோ சிறிய மாதிரியில் அப்படியே அளக்க முடியாது. ஒளியை முடியும்! வடிவமும் பரப்புகளின் நிறமும் சரியாக இருந்தால் மாதிரிக்குள் கிடைக்கும் வெளிச்சம் உண்மையான அறையில் கிடைப்பதே.

1:20 அளவில் உங்கள் அறை 60க்கு 40 சென்டிமீட்டர், உயரம் 20. தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகலாம். நான் செய்த பிழைகளைச் சொல்கிறேன். ஃபோம் போர்டு மெல்லியதாக இருந்தால் அதன் வழியாகவே ஒளி கசியும். வெளியே கறுப்புத் தாள் ஒட்டுங்கள். மூலை இணைப்புகளில் கறுப்பு டேப் ஒட்டுங்கள். என் முதல் மாதிரியில் இந்தக் கசிவால் எண்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டன, அதை நம்பி ஒரு வாரம் வீணானது. தரை, சுவர், கூரை எல்லாம் நீங்கள் கட்டப்போகும் நிறத்திலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வெள்ளையாகச் செய்தால் அழகாக இருக்கும், அளவு தவறும். கண்ணாடி ஒட்டவில்லை என்றால் முடிவைக் கண்ணாடியின் விகிதத்தால் பெருக்க மறக்காதீர்கள்.

மேசை மட்டம் 75 சென்டிமீட்டர் என்றால் மாதிரியில் 3.75 சென்டிமீட்டர். லக்ஸ் மீட்டரின் உணரி அதைவிடத் தடிமனாக இருந்தால் தரையில் துளை போட்டு இறக்குங்கள். மேகமூட்ட நாளில் உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் அளந்து வகுக்க வேண்டும். வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கைபேசிச் செயலியை நம்ப வேண்டாம், சாய்ந்து வரும் ஒளியை அது சரியாக வாங்குவதில்லை.

வெயிலைப் பார்க்க, 12 பாகைக்கான நிழற்கடிகார வரைபடத்தை மாதிரியின் ஓரத்தில் ஒட்டி, ஒரு சிறு முளை நடுங்கள். உண்மையான வெயிலில் மாதிரியைச் சாய்த்துச் சாய்த்து, முளையின் நிழல் நுனி எந்த மாதம், எந்த மணிமேல் விழுகிறதோ, அந்த மாதத்தின் அந்த மணி வெயில்தான் உள்ளே. ஒரே காலையில் ஆண்டு முழுவதையும் பார்த்துவிடலாம். உட்கார்ந்திருப்பவரின் கண் உயரம் 1.2 மீட்டர், சுவரில் 6 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு துளை போட்டு உள்ளே பாருங்கள். அந்தத் துளைதான் மாதிரியின் உயிர்.

மூன்றாமாண்டு | ஞாயிறு, மாலை 6.20

ஐந்து நாளாக எழுதவில்லை, வெட்டிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் இருந்தேன்.

புதிய வடிவம்: வடக்குச் சுவரில் எட்டு மாடங்கள். கண் மட்டத்தில் தள்ளு கதவோடு சிறிய ஜன்னல், அதற்கு மேலே 3.2 மீட்டர் வரை கண்ணாடி. தெற்கில் 2.4 மீட்டருக்கு மேல் நீளமான மேற்சாளரம், 85 சென்டிமீட்டர் சன்ஷேடு. சாளரத்தின் உயரம் 1.2 மீட்டர்தான் என்பதால் டிசம்பர் நண்பகலுக்கு இது போதும். பதினைந்து வட்டங்களும் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாகக் கூரையின் தெற்குப் பகுதியில் நீளவாக்கில் ஒரே ஒரு எழுப்பம், அதாவது கூரைக்கு மேலே உயர்த்திய ஒரு பகுதி. அதன் கண்ணாடி செங்குத்தாக வடக்கைப் பார்க்கிறது, 90 சென்டிமீட்டர் உயரத்துக்கு 20 சென்டிமீட்டர் நீட்டல். புத்தக அலமாரிகள் கிழக்கு, மேற்குச் சுவர்களில். நடுவில் இரண்டு நீள மேசைகள், பதினாறு பேர்.

நேற்று நல்ல மேகமூட்டம். அளந்த எண்கள்: மாடங்களில் 4.7, தெற்கு மேசையில் 3.1, நடு மேசையில் 1.8. பழைய சராசரியான 6 எங்கேயும் வரவில்லை. ஆனால் இன்று வெயில் வந்ததும் மாதிரியை ஏப்ரல் நண்பகலுக்குச் சாய்த்துவிட்டுத் துளை வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒரு வெயில் துண்டுகூட இல்லை. கூரையின் அடிப்பகுதி மட்டும் மெல்ல ஒளிர்ந்தது. சிறிது நேரம் கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

நடு மேசையின் 1.8ஐ எப்படி உயர்த்துவது? வடக்குக் கண்ணாடியைக் கூட்டட்டுமா?

லக்ஸ்மீட்டர் | ஞாயிறு, இரவு 7.45

கூட்டாதீர்கள். ஜன்னல் மேல்விளிம்பின் உயரத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்வரைதான் பக்க ஒளி பயனுள்ளதாகச் செல்லும். உங்களுக்கு 6.4 முதல் 8 மீட்டர். நடு மேசை அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது, அப்படியானால் ஒளி வழியில் எங்கோ தடைபடுகிறது. வெட்டுத்தோற்றத்தில் நடு மேசையிலிருந்து ஒரு கோடு இழுத்து, வானத்தின் எவ்வளவு பகுதி அங்கிருந்து தெரிகிறது என்று பாருங்கள். மாடத்தின் தடுப்புகள் முழு உயரத்துக்கும் உள்ளே நீண்டிருந்தால் அவைதான் காரணம்.

மூன்றாமாண்டு | ஞாயிறு, இரவு 8.30

உண்மை. 60 சென்டிமீட்டர் தடுப்பை மாடத்துக்கு அழகாக இருக்கும் என்று உட்புறமாக இன்னும் 70 சென்டிமீட்டர் கூரைவரை நீட்டியிருந்தேன்.

நூலகப்பணி | ஞாயிறு, இரவு 9.15

தடுப்பைத் தோள் உயரத்தோடு நிறுத்துங்கள். முழுச் சுவராக இருந்தால் உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தாலும் எனக்குத் தெரியாது.

எல்லா நாற்காலிக்கும் ஒரே வெளிச்சம் வேண்டும் என்று நீங்கள் ஓடுவதுபோல் தெரிகிறது. அப்படி ஓட வேண்டாம். தலைப்புச் செய்தி மட்டும் பார்க்க வருபவர் உண்டு. நாள் முழுவதும் தேர்வுக்குப் படிப்பவர் உண்டு, அவர் மூலையையே விரும்புவார். எங்கள் அறையில் மிக வெளிச்சமான இடமும் மிக மங்கலான இடமும்தான் முதலில் நிறையும். நடு மேசைக்கு ஆளுக்கொரு மேசைவிளக்கு வையுங்கள், அவரவர் கைக்கு எட்டும் சுவிட்சோடு. மழை மூடிய நாள்களில் அது எப்படியும் வேண்டும்.

கூரைக் கண்ணாடியை யார், எதில் ஏறித் துடைப்பார்கள் என்பதையும் வரைந்து காட்டுங்கள். யாரும் ஏற முடியாத கண்ணாடி இரண்டே ஆண்டில் சுவராகிவிடும்.

வடக்குவானம் | திங்கள், காலை 7.30

ஜூன் மாத வடக்கு வெயிலைப் பற்றிச் செங்கல்நிழல் எழுதியதை என் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டேன். இரண்டு கட்டடங்களில் வடக்குக் கண்ணாடியை நிழலே இல்லாமல் விட்டிருக்கிறேன். ஒன்று இன்னும் கட்டத் தொடங்கவில்லை. இன்றே மாற்றுகிறேன். நன்றி.

மூன்றாமாண்டு | வெள்ளி, இரவு 10.10

இன்று இறுதி மதிப்பீடு முடிந்தது.

தடுப்புகளை உட்புறம் 1.2 மீட்டர் உயரத்தோடு நிறுத்தினேன். நடு மேசை 2.4க்கு உயர்ந்தது. கூரை எழுப்பத்துக்குப் பின்னால் 60 சென்டிமீட்டர் நடைபாதையும் ஏணியும் வரைந்தேன். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் அதைத்தான் முதலில் பாராட்டினார், அம்மா.

ஆசிரியர் வரைபடங்கள் பக்கமே வரவில்லை. நேராக மாதிரியிடம் போய், குனிந்து, துளையில் கண்ணை வைத்தார். மேசைவிளக்கைச் சூரியனாகப் பிடித்து, ஏப்ரல் நண்பகலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "இப்போது நான் நடு மேசையில் உட்காருவேன்" என்றார். பிறகு டிசம்பர் 21, மாலை நான்கு மணி என்றார். அதை நான் சோதித்திருக்கவில்லை.

விளக்கை இறக்கியதும் தெற்கு மேற்சாளரத்தின் கிழக்குப் பகுதி வழியாக ஒரு மெல்லிய வெயில் கோடு சாய்வாக நுழைந்து, கிழக்கு அலமாரியில் மார்பு உயரத்தில் புத்தக முதுகுகளின்மேல் விழுந்தது. நூலகப்பணி அம்மா சொன்ன அதே கோடு. அறையில் யாரும் பேசவில்லை. நானே சொன்னேன்: அங்கே சூரியன் 21 பாகைக்கு இறங்கித் தென்மேற்கிலிருந்து வருகிறது, என் சன்ஷேடு நண்பகலுக்கு மட்டும் கணக்கிட்டது, தெற்கிலும் செங்குத்துத் தடுப்பு வேண்டும்.

மதிப்பெண் அடுத்த வாரம்தான் தெரியும். மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தெற்குச் சாளரத்துக்குப் பன்னிரண்டு அட்டைத் துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன். இடைவெளியை இன்னும் முடிவு செய்யவில்லை. நாளை காலை வெயில் வந்ததும் மாடியில் வைத்துப் பார்த்துவிட்டு எண்களை இங்கே எழுதுகிறேன்.